முத்திரைத்தாளில் அறுபடாத தாலி

தில்லி லக்ஷ்மிபாய் நகர் தமிழர்களுக்குப் பழகிய இடம். கூப்பிடு தூரத்தில் ஐஎன்ஏ சந்தை, பிள்ளைகளுக்குத் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, வீட்டில் ஒருவருக்காவது மத்திய அரசு வேலை. இந்த நகர் என்றில்லை, அரசு ஊழியர்கள் குடியிருக்கும் எந்த ஊரிலும் அரசல்புரசலாக ஒரு பேச்சு அடிபடும்: ஊரில் ஒரு மனைவி, குவார்ட்டர்ஸில் இன்னொருத்தி. கேட்டால், “முதல் சம்சாரத்திடம் எழுதி வாங்கியாச்சு” என்று பதில் வரும்.

எழுதி வாங்கியது என்ன? முத்திரைத்தாளில் பத்து வரி. நகையும் பாத்திரமும் பெற்றுக்கொண்டதாகவும், இனி ஒருவர்மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை என்றும் வாசகம். இரண்டு சாட்சிக் கையெழுத்து, அடியில் நோட்டரியின் முத்திரை. அந்தத் தாளுக்குச் சட்டத்தின் முன் காலணா மதிப்பில்லை. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி மணமுறிவு தரும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. தொன்றுதொட்ட சமூக வழக்கப்படி அறுத்துக்கட்டும் உரிமையை அதே சட்டம் காக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நோட்டரி அறையில் ஒரு சமூகத்தின் வழக்கம் பிறந்துவிடாது. தீர்ப்பே கையில் கிடைத்தாலும், மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை மறுமணம் கூடாது.

இந்த மோசடியில் முதல் கண்டனத்துக்கு உரியவர்கள் நோட்டரிகள். திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதித்தர அவர்களுக்கு அதிகாரமில்லை, எழுதினால் அது தொழில் ஒழுங்கீனம் என்று மத்திய சட்ட அமைச்சகம் 2024 அக்டோபரில் எழுத்துமூலம் தெரிவித்துவிட்டது. படித்த வழக்கறிஞருக்கு இதை அரசு சொல்லித்தர வேண்டியிருந்ததே வெட்கக்கேடு. அதற்குப் பிறகும் முத்திரை குத்துகிறவர் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அடுத்த கண்டனம் அரசு அலுவலகங்களுக்கு. வாழ்க்கைத்துணை உயிரோடிருக்க இன்னொரு திருமணம் செய்வதை 1964ஆம் ஆண்டு மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 21ஆம் விதி தடுக்கிறது. தனிநபர் சட்டம் இடம் கொடுப்பவர்கள்கூட அரசின் அனுமதி பெற்றாக வேண்டும். விதி அறுபது ஆண்டுப் பழசு. ஆனாலும் புகார் வந்தால் “குடும்ப விஷயம்” என்று கோப்பை மூடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஊழியர் கண்ணை மூடிய பிறகுதான் அலுவலகம் கண்ணைத் திறக்கிறது. அப்போது குடும்ப ஓய்வூதியம் கேட்டு இரண்டு பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். பீகார் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: இரண்டாவது மனைவிக்கு ஓய்வூதியம் கிடையாது, அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. பெற்றோரின் சொத்தில் அத்தகைய பிள்ளைகளுக்கு உள்ள உரிமையை அதே நீதிமன்றத்தின் 2023 தீர்ப்பு இன்னும் தெளிவாக்கியது. பிள்ளைகள் தப்பிக்கிறார்கள். அந்தத் தாளை நம்பிக் கழுத்தை நீட்டியவளோ, இருபது வருடம் சமைத்துப் போட்ட வீட்டைவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறாள். முதல் மனைவியின் கதையைச் சொல்லவே வேண்டாம்.

இருதார மணத்தை 1949லேயே தடைசெய்தது சென்னை மாகாணம். அந்தப் பெருமை பேசும் நம்மிடையேதான் திருத்தணி வழக்கும் நடந்தது. 1984ல் மண்டபத்தில் நடந்த இரண்டாம் கல்யாணம் குற்றமா என்ற கேள்விக்கு, ஏழடி நடந்தார்களா இல்லையா என்று வாதாடியே காலம் கழிந்தது. இந்து திருமணச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தமான 7ஏ பிரிவின்படி சப்தபதி கட்டாயமில்லை, அந்தத் திருமணம் நடந்தது நடந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2001 ஆகிவிட்டது. முதல் மனைவிக்கு அந்தப் பதினேழு வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

தண்டனையிலும் இளக்காரம். விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே மறுமணம் செய்த ஒரு தமிழகப் பெண்ணுக்கும் அவரை மணந்தவருக்கும், நீதிமன்றம் கலையும்வரை சிறை என்று பெயரளவுக்குத் தண்டனை தந்தது உயர் நீதிமன்றம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ஆறு மாதமாக உயர்த்தியது. குழந்தையை நினைத்து, ஒருவர் பின் ஒருவராகச் சிறை செல்லச் சொன்னது. ஏழாண்டு வரை, முதல் திருமணத்தை மறைத்திருந்தால் பத்தாண்டு வரை சிறை என்று சொல்லும் சட்டத்துக்கு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவுக்கு, இருக்கும் மரியாதை இவ்வளவுதான்.

இது திருத்தப்பட வேண்டும். பணிப்பதிவேட்டில் வாழ்க்கைத்துணையின் பெயரை மாற்றக் கேட்கும் ஊழியரிடம், நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் மேல்முறையீடு இல்லை என்பதற்கான ஆதாரத்தையும் வாங்காமல் எந்த நிர்வாகப் பிரிவும் பேனாவைத் தொடக்கூடாது. நோட்டரித் தாளோடு வருபவர்மேல் அன்றே 21ஆம் விதியின்படி விசாரணை தொடங்க வேண்டும். 2024 அக்டோபர் உத்தரவை மீறிய எத்தனை நோட்டரிகளின் சான்றிதழ் ரத்தானது என்ற பட்டியலை, லக்ஷ்மிபாய் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சட்ட அமைச்சகம் பெயர் விவரங்களோடு வெளியிட வேண்டும்.