விரைவு எங்கே வேண்டும்?

இனிப்புச் சோளத்தைக் கதிரினின்று உதிர்த்து, கொதிநீர் காட்டாமலே குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தால் நேரம் மிச்சம் என அன்பர் பலர் கருதுகின்றனர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று.

பறித்த பின்னும் மணியிலுள்ள நொதிகள் ஓய்வதில்லை. 30 பாகை வெப்பத்தில் ஒரே நாளில் பழைய வகைக் கதிர் தன் சர்க்கரையில் பாதிக்கு மேல் இழக்கும். அது மாவாக மாறிவிடும். மிகுஇனிப்பு வகைகளில் இம்மாற்றம் மெதுவாக நிகழும். உறைகுளிர் நொதிகளை மந்தப்படுத்துமேயன்றி அழிக்காது, அழிப்பது கொதிநீரே.

ஆகவே, உரித்த கதிரைக் கொதிநீரில் 4 நிமிடம் இடுக. உடனே பனிக்கட்டி நீரில் ஆற்றுக. நீரை வடித்தபின், மணியின் ஆழத்தில் மூன்றில் இரு பங்கு மட்டும் சீவுக. அடியோடு வெட்டினால் சக்கை சேரும். ஒரு வேளைக்குரிய அளவாகப் பையிலிட்டு, காற்றை வெளியேற்றி, தட்டையாகப் பரப்பினால் விரைவில் உறையும். −18 பாகைக் குளிரில் பல மாதம் கெடாது. சிறு பெட்டியின் உறை அறையில் அக்குளிர் நிலைப்பதரிது. சில வாரங்களில் உண்டு தீர்ப்பதே முறை.

விரைவு வேண்டுவது அடுப்படியிலன்று. வயலுக்கும் அடுப்புக்கும் இடையே. எண்ணூர், காசிமேட்டு மீனவர்க்கு இது புதிதன்று. காலம் கடந்து இட்ட பனிக்கட்டி போன சுவையை மீட்டுத் தாராது என்பதை அவர்கள் நன்கறிவர்.

எனவே கூட்டுறவுச் சங்கங்கள் கதிர் விற்கையில், விலையோடு பறித்த நேரத்தையும் பலகையில் எழுதுதல் வேண்டும். விடியலில் பறித்து அன்றே அனுப்பும் விவசாயிக்கு அதற்கேற்ற விலை கிடைக்கும்; வாங்கும் நெசவாளர் இல்லத்திற்கோ கொடுத்த காசுக்குரிய இனிப்புக் கிட்டும். இருவர்க்கும் நன்மை தருவதன்றோ கூட்டுறவு!