கடுகு எண்ணெயைக் கைக்குழந்தைக்குத் தேய்க்கலாமா?

கேள்வி: ‘கடுகு எண்ணெய் தேய்த்தால் மூட்டுவலி குறையும், முடி வளரும் என்கிறார்கள். கைக்குழந்தைக்கும் தேய்த்துக் குளிப்பாட்டலாமா?’

பதில்: ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சமையலுக்கும் உடம்புக்கும் கடுகு எண்ணெய்தான். குளிர்காலத்தில் கை, கால்களில் தேய்த்தால் சூடு பரவும். எண்ணெயில் உள்ள காரம் தோலை உறுத்தி, அந்த இடத்தில் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதே காரணம். பெரியவர்களுக்குச் சற்று சுகம் கிடைக்கும். மூட்டு நோய் தீராது. முடிக்கு வழவழப்பு வரும். முடி வளரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

அதே காரம் பச்சிளம் குழந்தையின் மெல்லிய தோலைக் கெடுக்கும். குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயே போதும். பெரியவர்களும் முதலில் முன்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பார்க்க வேண்டும். சிவந்தாலோ, அரித்தாலோ விட்டுவிடுங்கள்.

கலப்படத்திலும் கவனம் தேவை. தரிசுகளில் மஞ்சள் பூவும் முள் இலையுமாக நிற்கும் பிரம்மதண்டின் விதை, பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். 1998-ல் டெல்லியில் அந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைச் சாப்பிட்டு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கால் வீக்கம், மூச்சுத்திணறல் இதன் அறிகுறிகள். உடம்பில் தேய்த்தாலும் நஞ்சு உள்ளே இறங்கும்.

எனவே, உதிரியாக விற்கும் எண்ணெய் வேண்டாம். செக்கில் ஆட்டக் கொடுப்பவர்கள் விதையைப் பரப்பிப் பாருங்கள். கடுகு வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பாக இருக்கும். கலந்திருந்தால் அந்தக் கடுகை ஆட்டவே கூடாது.