ஜெராய் மலை எங்கே போயிற்று?



மெர்போக்கில் வாழ்பவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது ஜெராய் மலையைத்தான். 1,217 மீட்டர் உயரமுள்ள அம்மலை 2015-ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கண்ணுக்குத் தெரியாமற் போனது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடுகளின் புகை நம் நாட்டை மூடியது. பல மாநிலங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை அளித்தார்கள்.

அந்நாள்களில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "மலை எங்கே ஆசிரியர்?" என்று கேட்டாள். "புகை மறைத்துவிட்டது," என்றேன். "சன்னல் திரையை மூடினால் வகுப்பறை இருட்டாகிறது. புகை மறைத்தால் வெளியே மட்டும் எப்படி இவ்வளவு வெளிச்சம்?" என்று மறுபடியும் கேட்டாள். என்னிடம் விடை இல்லை. "இடைநிலைப்பள்ளியில் படிப்பாய்," என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அடுத்த ஆண்டு அவள் குடும்பம் வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. அவளுக்குத் தரவேண்டிய விடை இன்றும் என்மீது கடனாகவே நிற்கிறது.

பிறகு தேடிப் படித்தேன். அவளுடைய கேள்வி ஒரு பெரிய கணிதத் துறையின் வாயிற்படி என்பது அப்போதுதான் புரிந்தது.

மூன்று பார்வைகள்

பள்ளி விடும் மணி அடித்த வேளையை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனையும் தனித்தனியே பின்தொடரலாம், அது முதற்பார்வை. மாடியில் நின்று, திடலின் எந்தப் பகுதியில் கூட்டம் அதிகம் என்று மட்டும் பார்க்கலாம். அது மூன்றாம் பார்வை. இரண்டுக்கும் இடையில் ஒன்று உண்டு. ஒவ்வோர் இடத்திலும், எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது. இந்த நடுப்பார்வையை எழுதிக்காட்டுவதே இயக்கச் சமன்பாடு. காற்றின் மூலக்கூறுகளுக்கு அதனை 1872-இல் எழுதியவர் ஆஸ்திரிய அறிஞர் போல்ட்ஸ்மன்.

ஒளிக்கும் அவ்வகைச் சமன்பாடு உண்டு. அதனைக் கணக்கிடும் வழியில் பெரும்பங்கு ஆற்றியவர் ஒரு தமிழர். 1910-இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர்தான் அவர். ஒளி எண்ணற்ற திசைகளில் செல்கிறது. அத்தனை திசைகளையும் கணக்கில் கொள்ள இயலாது. ஆகவே, தேர்ந்தெடுத்த சில திசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தக்க எடையைக் கொடுத்துக் கணக்கிடும் முறையை 1944 முதல் அவர் வளர்த்தெடுத்தார். விக் என்பவர் 1943-இல் தொடங்கிவைத்த வழி அது. 1950-இல் வெளிவந்த சந்திரசேகரின் ஒளிக்கதிர்ப் பரிமாற்ற நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அம்முறையைக் கொண்டு 1988-இல் உருவான 'டிசார்ட்' என்னும் கணினி நிரல், வளிமண்டல ஒளிக் கணக்குகளில் இன்றும் பயன்படுகிறது.

மாணவிக்கான விடை

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத புகைமூட்டத்தில், ஓர் ஒளித்துகள் சராசரியாகக் கால் கிலோமீட்டர் தொலைவு செல்வதற்குள் புகைத்துகள் ஒன்றில் மோதிவிடும். மலையில் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாறையிலிருந்து நம் கண்ணை நோக்கிப் புறப்படும் ஒளித்துகள்களில், எதிலும் மோதாமல் வந்து சேர்பவை ஒரு பில்லியனுக்கு ஏறத்தாழ இரண்டு! ஒரு சிறுபகுதியைக் கரித்துகள்கள் விழுங்குகின்றன. பெரும்பகுதி வேறு திசைகளில் சிதறிவிடுகிறது. கதிரவனின் ஒளியும் அவ்வாறே சிதறி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. எனவே வெளிச்சம் உண்டு, மலை இல்லை.

ஒளி தொலையவில்லை, அதன் திசைதான் தொலைந்தது. இதைச் சொல்ல ஆங்கிலமும் தேவையில்லை, பல்கலைக்கழகமும் தேவையில்லை. அன்று எனக்குக் குறைவாக இருந்தது தமிழன்று, தெளிவு.

கணினி சொல்லும் பொய்

இனித்தான் நம் அனைவருக்கும் உரிய பாடம் வருகிறது. தெளிந்த காற்றில் ஒளி பத்துக் கிலோமீட்டர்கூட மோதாமல் செல்லும். புகைமூட்டத்தில் கால் கிலோமீட்டர். அடர்ந்த முகிலுக்குள் சில பத்து மீட்டர்தான். ஒரே வானத்தில் இத்தனை அளவுகள்! இதனைத்தான் பல்லளவு மாதிரியாக்கம் என்கிறார்கள்.

கணினியில் வானத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவர். கட்டத்தை முகிலுக்கு ஏற்பச் சிறிதாக்கினால் கணக்கு முடியாது. காற்றின் மூலக்கூறுகளுக்கு இடத்தில் மூன்று, வேகத்தில் மூன்று என ஆறு அச்சுகள். ஒவ்வொன்றையும் வெறும் நூறாகப் பிரித்தாலே ஒரு மில்லியன் மில்லியன் எண்கள் வேண்டும். கட்டத்தைப் பெரிதாக்கினாலோ, சாதாரண முறைகள் முகிலுக்குள் தவறான விடையைத் தரும். அத்தவற்றையும் கணினி அழகிய வண்ணப்படமாகவே காட்டும்!

இதற்குத் தீர்வாக வந்த முறைகளுக்கு 1999-இல் ஷி ஜின் என்ற கணிதவியலாளர் பெயர் சூட்டினார். 'எல்லைநிலை காக்கும் முறைகள்' என்று நாம் தமிழில் கூறலாம். கட்டம் பெரிதாக இருந்தாலும் முகிலுக்குள் சரியான பரவல் விதியை அவை தாமாகவே தரும். தெளிந்த காற்றில் நடுப்பார்வைக்கும் உண்மையாக நிற்கும். ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குச் செல்லும்போது முறையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை.

நம் வகுப்பறை

நாமும் நாள்தோறும் எளிமைப்படுத்துகிறோம். ஆனால், எப்படி? "சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது" என்கிறோம். பின்னர் எதிர்ம எண் வந்து அதைப் பொய்யாக்குகிறது. "பெருக்கினால் எண் பெரிதாகும்" என்கிறோம். பின்னம் அதைப் பொய்யாக்குகிறது. "புகை மறைத்துவிட்டது" என்று நான் சொன்னதும் அவ்வகைதான். குழந்தை ஒருமுறை கற்று, மறுமுறை அதனை அழித்துவிட்டுக் கற்க வேண்டியிருக்கிறது. அழிக்கும்போது ஆசிரியர்மீது கொண்ட நம்பிக்கையும் சிறிது அழிகிறது. கணிதத்தைக் கண்டு அஞ்சும் மாணவர் பலர் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

"கீழ்நிலை மாணவர்க்கு முழு உண்மையையும் சொல்லிவிட முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். முடியாது, சொல்லவும் வேண்டாம். குறைத்துச் சொல்வது வேறு, பிழையாகச் சொல்வது வேறு. "நம்மிடம் இருக்கும் எண்களைக் கொண்டு இப்போதைக்குக் கழிக்க முடியாது" என்பது குறைத்துச் சொல்வது. 1954-இல் இந்தியக் கணித அறிஞர் பட்நாகர், கிராஸ், குரூக் ஆகிய மூவரும் போல்ட்ஸ்மன் சமன்பாட்டின் மிகக் கடினமான மோதல் பகுதியை ஒரேவரியாகச் சுருக்கினார்கள். நிறையும் உந்தமும் ஆற்றலும் அதில் காக்கப்பட்டன. பாகுநிலைக்கும் வெப்பக் கடத்தலுக்கும் உள்ள விகிதம் பிசகியது. அப்பிசகு எவ்வளவு என்பதும் தெரிந்திருந்தது. எதைக் காத்தோம், எதை விட்டோம் என்று அறிந்து சுருக்குவதே நேர்மையான சுருக்கம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பு எழுதும்போது, "நாளை இதனை அழிக்க வேண்டி வருமா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோர்களுக்கும் ஒன்று. பிள்ளை கேள்வி கேட்டு விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்," என்று சொல்லுங்கள். நான் அன்று சொல்லத் தவறியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

நீங்கள் மாணவர்க்குச் சொல்லிப் பின்னர் அழிக்க நேர்ந்த பாடம் எது? எழுதுங்கள், சேர்ந்து திருத்திக்கொள்வோம்.