30 நாளில் 10 கிலோவா? ஆளை விடுங்க சாமி!

போன வாரம் எங்கள் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம். "30 நாளில் 10 கிலோ. பட்டினி இல்லை, உடற்பயிற்சி இல்லை. குறையாவிட்டால் பணம் வாபஸ்." கீழே இரண்டு படங்கள். முதல் படத்தில் ஒரு அம்மா அழாத குறையாக நிற்கிறார். இரண்டாவதில் அதே அம்மா (அப்படித்தான் சொல்கிறார்கள்) பழைய பேண்ட்டின் இடுப்பை ஒரு முழம் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மதியத்துக்குள் பதினோரு பேர் 'இன்ட்ரஸ்டட்' என்று போட்டுவிட்டார்கள். அதில் நாலு பேர் நம்ம ஊர்க்காரர்கள்.

அந்த நாலு பேரில் ஒருவர், 2012-ல் ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்த தன் மச்சானை இன்றுவரை கிண்டல் அடிக்கிறவர். "யோசிக்க வேண்டாமா சார், எந்தக் கோழி இவ்வளவு வட்டி கொடுக்கும்?" என்று என்னிடமே நாலு தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் எந்தக் கொழுப்பு ஒரே மாசத்தில் பத்து கிலோ கரையும் என்று அவர் யோசிக்கவில்லை.

நான் பேங்க்கில் குப்பை கொட்ட ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. யாராவது வந்து "சார், ஒரு இடத்துல மாசம் பத்து பர்சென்ட் தர்றாங்களாம், எஃப்.டி.யை உடைச்சிடலாமா?" என்று கேட்டால், உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, புத்தி சொல்லி அனுப்புவோம். அதே நாங்கள் உடம்பு விஷயத்தில் மாசம் பத்து கிலோ என்றால் முதல் ஆளாக வரிசையில் நிற்கிறோம். நானும் நின்றவன்தான். சரியாகச் சொன்னால், தங்கமணியை நிற்க வைத்தவன்.

2022-ல் மச்சினன் கல்யாணம், திருச்சியில். மூணு மாசம் இருந்தது. "அதுக்குள்ள ஒரு பத்து கிலோ குறைச்சா நல்லாயிருக்குமில்ல?" என்று முதலில் வாயைத் திறந்தது அடியேன். யாரோ ஒரு 'கோச்' கிடைத்தார். காலையிலும் ராத்திரியிலும் பவுடர் கரைசல், மதியம் ஒரு கிண்ணம் வேகவைத்த காய். மாசம் ஏழாயிரம் ரூபாய். முதல் வாரமே மூன்றரை கிலோ போனது. நான் ஆபீஸில் எல்லாரிடமும் தம்பட்டம் அடித்தேன். கல்யாணத்துக்குள் ஒன்பது கிலோ. மண்டபத்தில் பாராட்டு மழை. ஒரு பெரியம்மா மட்டும், "என்னடி, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு, சுகரா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

புனேக்குத் திரும்பினோம், பவுடர் நின்றது. ரெண்டு மாசத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அடுத்த பொங்கலுக்குள் போன ஒன்பதுக்குப் பதிலாகப் பதினொன்று வந்து உட்கார்ந்தது, வட்டியோடு. அதைவிடக் கொடுமை, ஒரு நாள் ராத்திரி அவள் சொன்னது: "எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லீங்க."

இதுதான் இந்த வியாபாரத்தின் அசல் சாமர்த்தியம். குறைந்தால் பவுடரின் பெருமை. திரும்பி வந்தால் உன் குற்றம். எங்கள் தொழிலில் இப்படி ஒரு திட்டத்தை விற்றால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

சரி, முதல் வாரம் போன அந்த மூன்றரை கிலோ என்ன? பேங்க்கில் இருக்கிறவர்களுக்கு மார்ச் 31 பற்றித் தெரியும். டார்கெட் காட்டுவதற்காக யார் யாரிடமோ கெஞ்சி டெபாசிட் பிடிப்போம். ஏப்ரல் முதல் வாரம் பணம் எல்லாம் வந்த வழியே போய்விடும். விண்டோ டிரெஸ்ஸிங் என்று பெயர். முதல் வாரக் குறைவும் பெரும்பாலும் அதே ரகம். நம் உடம்பு கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று கொஞ்சம் மாவுச்சத்து சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூணு கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது இந்த இருப்பு. கூடவே தண்ணீரும் போகும். தராசு இறங்கும். கொழுப்பு உட்கார்ந்த இடத்தில்தான் இருக்கும். கல்யாணப் பந்தியில் ரெண்டு நாள் சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

இப்போது ஒரு கணக்கு. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ என்பது சுமார் 7,700 கலோரி. கல்யாணமான புதிதில் இருந்ததைவிட 15 வருஷத்தில் எனக்கு 14 கிலோ ஏறியிருந்தது. பெருக்கி, நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு வெறும் 20 கலோரி, அரை டீஸ்பூன் எண்ணெய். (முரட்டுக் கணக்குதான், எடை ஏற ஏற உடம்பின் செலவும் ஏறும். ஆனாலும் விஷயம் புரியும்.) 15 வருஷம் அரை ஸ்பூன் அரை ஸ்பூனாகப் போட்ட டெபாசிட்டை 30 நாளில் குளோஸ் பண்ணு என்றால் எப்படி? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டுதல்கள் வாரத்துக்கு அரை கிலோ என்கின்றன. அதற்கே தினமும் 550 கலோரி துண்டு விழ வேண்டும். மாசம் பத்து கிலோ கொழுப்புக்கு? நாளைக்கு 2,500 கலோரிக்கு மேல்! பல பேர் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே அவ்வளவு கிடையாது. ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தாலும் கணக்கு டேலி ஆகாது.

வேகமாகக் குறைத்தால் உடம்பு சும்மா இருக்காது. அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று ஒரு டி.வி. போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அதோடு, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரி, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட தினமும் 500 அளவுக்குக் குறைவாகவே நின்றுவிட்டது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைத்தால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடும்.

"அப்போ மெதுவாகக் குறைத்தால் திரும்பி வராதா?" என்று கேட்பீர்கள். இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். 2014-ல் மெல்போர்னில் 204 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு பாதிக்கு 12 வாரத்தில் வேகமாக, மறு பாதிக்கு 36 வாரத்தில் மெதுவாக. இலக்கைத் தொட்டவர்கள் வேகக் கோஷ்டியில்தான் அதிகம். ஆனால் சுமார் மூணு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் போனதில் ஏறக்குறைய 71 சதவீதம் திரும்பியிருந்தது. ஆக, மெதுவாகப் போவதில் மட்டும் மந்திரம் கிடையாது. முடிவுத் தேதிதான் வில்லன். 30 நாளோ 36 வாரமோ, 'அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோ' என்று ஒரு மெச்சூரிட்டி தேதி போட்டால், அன்றைக்குப் பழைய தட்டு திரும்பி வரும், பின்னாலேயே எடையும் வரும். நான் சொல்லும் பொறுமை காத்துக்கொண்டிருப்பது அல்ல. பத்து வருஷம் கழித்தும் செய்ய முடிகிறதை மட்டும் இன்றைக்கு ஆரம்பிப்பது.

ஊசி இருக்கிறதே என்பவர்களுக்கு: 2025-ல் மவுன்ஜாரோவும் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. டாக்டர் வேண்டும் என்று சொன்னவர்களுக்கு அது நல்ல மருந்து, கேலி செய்ய மாட்டேன். ஆனால் வெகோவியையே 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நாலு வாரத்துக்கு ஒரு படியாகத்தான் ஏற்றுகிறார்கள். அதே மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது என்று 2022-ல் ஆய்வு வந்தது. ஊசிக்கும் பொறுமை வேண்டும் ஐயா!

இதில் வெளியூரில் இருக்கும் நமக்கு மட்டும் ரெண்டு தனி வில்லங்கம் உண்டு.

ஒன்று, நாம் ரெண்டு மாநிலத்துக்குச் சாப்பிடுகிறோம். காலையில் இட்லி, ஆபீஸ் போனதும் போஹா. பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டில் கொழுக்கட்டை, பக்கத்து வீட்டிலிருந்து மோதகம். தீபாவளிக்கு நம்ம முறுக்கு, அதிரசம், அவர்கள் சக்லி, கரஞ்சி. யாருக்கும் 'வேண்டாம்' சொல்ல மனசு வராது, ஏனென்றால் அந்நிய ஊரில் அந்தத் தட்டுதான் உறவு.

ரெண்டாவது, சொந்தக்காரர்கள் நம்மை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறார்கள். உள்ளூரில் இருப்பவன் எடை ஏறுவதும் இறங்குவதும் யார் கண்ணிலும் படாது. நமக்கோ மே மாசம் வருஷாந்திர ஆடிட். ரயிலை விட்டு இறங்கியதும் "குண்டாயிட்டே", இல்லாவிட்டால் "இளைச்சுட்டே". அந்த ஒரு வரி ரிப்போர்ட்டுக்குப் பயந்து பிப்ரவரியில் பவுடர் வாங்குகிறோம். ஜூனில் விட்டுவிடுகிறோம். எங்கள் பிராஞ்ச் மார்ச் மாசத்தில் செய்வதும் இதுதானே.

தங்கமணி 2024 ஆரம்பத்தில் மறுபடி தொடங்கினாள். இந்தத் தடவை கோச் இல்லை, தேதி இல்லை. சோறு ஒரு கரண்டி கம்மி. சாயங்கால வடாபாவ் ஞாயிற்றுக்கிழமை மட்டும். ராத்திரி ரெண்டாம் ரவுண்டு தோசைக்குப் பதில் மட்கி உசல், நம்ம சுண்டலுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. வாரம் மூணு நாள் பர்வதி மலை, 103 படி. முதல் நாள் மூணு இடத்தில் உட்கார்ந்தாள்.

முதல் மாசம் 800 கிராம். அடுத்து ஒரு கிலோ. அப்புறம் மூணு மாசம் தராசு அசையவே இல்லை. நான் திருந்தின ஜென்மமா? "என்ன, வண்டி நின்னு போச்சா?" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் தராசைத் தூக்கிப் பரண் மேல் வைத்துவிட்டு வந்தாள். "இனிமே எவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்டீங்கன்னா, நாளையிலேர்ந்து சமையல் நீங்கதான்." கப்சிப்.

அந்த மூணு மாசத்தில்தான் ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்தாள். எடை அப்படியே இருக்க, இடுப்பு மூணு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. தராசு எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு எங்கள் ஊர் டாக்டர் ஒருவரே சாட்சி. புனே கே.இ.எம். ஆஸ்பத்திரி டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் டாக்டர் ஜான் யுட்கினும் தங்களையே அளந்து 2004-ல் 'லான்செட்' இதழில் போட்டார்கள். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. நம் ஆட்களுக்கு எடை கம்மியாக இருந்தாலும் தொப்பைக்குள் கொழுப்பு ஒளிந்திருக்கும். அதனால்தான் இடுப்பு, ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். தையல்காரர் டேப் பத்து ரூபாய்.

22 மாசத்தில் அவளுக்குக் குறைந்தது எட்டு கிலோ. இடுப்பு 96-லிருந்து 87. ஹெச்பிஏ1சி 6.2-லிருந்து 5.6. சராசரி போட்டால் மாசத்துக்கு 364 கிராம். 'மாசம் 364 கிராம்' என்று விளம்பரம் கொடுத்துப் பாருங்கள், ஒருத்தர் 'இன்ட்ரஸ்டட்' போட மாட்டார் :-) ஆனால் இப்போது 103 படியையும் உட்காராமல் ஏறிவிட்டு, மேலே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். மூச்சு வாங்குவது எனக்குத்தான்.

கடைசியாகப் பவுடர்காரனுக்கு அல்ல, என்னை மாதிரி வீட்டில் இருப்பவர்களுக்கு. அவசரம் குறைக்கிறவர்களுக்கு இல்லை, வேடிக்கை பார்க்கிற நமக்குத்தான். தினமும் "எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள். கேட்பதை நிறுத்துங்கள். முடிந்தால் கூடப் படி ஏறுங்கள். மே மாசம் ஊரில் சித்தி "இன்னும் குண்டாத்தானே இருக்கே" என்றால், "வேலை நடந்துட்டிருக்கு சித்தி" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். என் பெண்டாட்டிக்கு அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை.

டிஸ்கி: அடியேன் டாக்டர் இல்லை. சுகர், தைராய்டு, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டில் கை வைக்கும் முன் உங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அந்த 'இன்ட்ரஸ்டட்' போட்ட நாலு பேரில் ரெண்டு பேர் பேரை வாபஸ் வாங்கிவிட்டார்கள். ஈமு கோழிக்காரர் இன்னும் யோசிக்கிறாராம்.