திடலுக்கு ஓர் ஆள் போடுங்கள்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஜூன் பிறந்துதான் திறக்கிறார்கள். இடைப்பட்ட நாள்களில் வானூர் வட்டத்துப் பிள்ளைகளின் பொழுது எப்படிக் கழிகிறது என்பது ஊரறிந்த விஷயம். காலையில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறவர்கள் உண்டு. கூலி வேலைக்குப் போன அம்மா திரும்பும்வரை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. வற்றிய ஏரிக்குள் உச்சி வெயிலில் கிரிக்கெட் ஆடும் பையன்கள், நாள் முழுக்கக் கைபேசிக்குள் குனிந்திருப்பவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போகிறவர்கள் என எல்லாரும் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் ஜவகர் பால்பவன் கோடை முகாம் நடத்துகிறது. விழுப்புரத்தில் மாவட்ட அளவில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாம் நடக்கிறது. ஆரோவில்லைச் சேர்ந்த அமைப்புகள் சில சுற்றுக் கிராமப் பிள்ளைகளுக்காக ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கின்றன. எல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் விடியற்காலைப் பயிற்சிக்குத் திருவக்கரையிலிருந்து ஒரு பத்து வயதுப் பெண் எந்தப் பேருந்தைப் பிடித்து விழுப்புரம் போவாள்? கிளியனூர்ப் பையனுக்குத் தினமும் போக வரக் கட்டணம் யார் கொடுப்பார்கள்? விளையாட்டு என்பது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அது எல்லாப் பிள்ளைக்கும் உரியது.

ஆகவே நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வானூர் ஒன்றியத்தின் ஒவ்வோர் ஊராட்சியிலும், கோடை விடுமுறை முழுவதும், காலையும் மாலையும் பிள்ளைகளுக்கான விளையாட்டு முகாம் நடக்க வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம். சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டும்.

கட்டுமானத்துக்கும் பொருளுக்கும் செலவு செய்து முடித்தாகிவிட்டது. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு நூலகத்தோடு விளையாட்டு மையமும் வந்தது. 2016-இல் ஊராட்சிகளுக்கு 500 அம்மா பூங்காக்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் அறிவிக்கப்பட்டன. பிறகு அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024-இல் கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு: 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள். ஆட்சி மாறியது, பலகையில் பெயர் மாறியது. ஒவ்வொரு தடவையும் வந்தது பொருள்தான். மட்டையையும் பந்தையும் எடுத்து வெளியே வைத்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஆட்டம் முடிந்ததும் எண்ணி உள்ளே வைக்க ஒரு மனிதரை எந்தத் திட்டமும் அனுப்பவில்லை.

ஆளில்லாத பூங்கா என்ன கதிக்கு வரும் என்பதற்கு இந்தப் பகுதியில் நாம் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். கம்பிக் கேட்டில் பூட்டு தொங்குகிறது. சாவி தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரிடம் இருக்கிறது. அவரோ தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் ஓட்டத்தில் இருக்கிறார். உள்ளே ஊஞ்சலுக்குச் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. தகரச் சறுக்கு பத்து மணிக்கு மேல் தொட்டால் கை சுடுகிறது. நடைபாதைக் கல்லின் இடுக்கில் முளைத்த சீமைக்கருவேலம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. சுற்றுச்சுவரில் ஓரிடத்தில் நான்கைந்து கல் பெயர்ந்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் பிள்ளைகள் போய் வருகிறார்கள். அதன் விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகிவிட்டது.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் சாலை, தெருவிளக்கு, வடிகால், துப்புரவு, சுடுகாடு, குடிநீர் ஆகியவற்றை 110-ஆம் பிரிவில் ஊராட்சியின் கடமையாக வைத்திருக்கிறது. பூங்காவும் விளையாட்டுத் திடலும் 111-ஆம் பிரிவில் வருகின்றன; அவை செய்தாலும் செய்யலாம், விட்டாலும் விடலாம் என்ற வகை. அதே பிரிவில் வானொலிப் பெட்டி வைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஊராட்சிப் பூங்காவில் ரேடியோ அறை இருந்த காலத்து வாசகம் அது. மாலையில் அந்த ரேடியோவைப் போட்டு, இரவில் நிறுத்திப் பூட்டிப் போக அன்றைக்கு ஆள் இருந்தார். அதனால்தான் ஊர் அங்கே கூடியது. பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் பற்றிய வரியைச் சட்டசபை 111-இலிருந்து 110-க்கு மாற்ற வேண்டும். கடமை என்றால்தான் தணிக்கையில் கேள்வி வரும். கேள்வி வந்தால்தான் நிதி ஒதுக்குவார்கள்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பூங்காக்களுக்கென்றே வரி விதிக்கும் அதிகாரம் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. சிகாகோவில் 1934-இல் 22 பூங்கா வாரியங்களை இணைத்து ஒன்றாக்கினார்கள். கோடை வந்தால் அங்கே பகல்நேர முகாம், நீச்சல், கைவினை என்று பூங்காவே ஒரு பள்ளிக்கூடம்போல இயங்கும். அந்த அமைப்பை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. பூங்கா என்றால் அதில் வேலை பார்க்கிறவர்களும் சேர்ந்ததுதான் என்ற எண்ணத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்குப் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று முதல்வர் ஸ்டாலின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிவைத்தது மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில்தான். அந்தந்தத் தெருவில் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்களே பெரும்பாலும் தன்னார்வலர்களாக வந்து, மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள். கொரோனா விடுமுறையில் விட்டுப்போனதைப் பிடிக்க அவர்களால் முடிந்தது என்றால், ஆறு வார விளையாட்டை நடத்த முடியாதா? ஆனால் அன்று கொடுத்த மாதம் 1,000 ரூபாயை இன்றும் நீட்டக் கூடாது. ஊருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், இருவருக்கும் கௌரவமான கோடைக்காலச் சம்பளம். இந்தச் சுமையை ஆசிரியர்கள் தலையில் கட்டுவதையும் நாம் ஏற்க மாட்டோம். பள்ளித் திடலைத் திறந்துவிடத் தலைமை ஆசிரியர்கள் தயங்குவது, நாளைக்கு ஏதாவது உடைந்தால் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான். விடுமுறை நாளில் சாவியும் பொறுப்பும் ஊராட்சிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் போகிறது என்று எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் அந்தத் தயக்கம் தீரும்.

முகாமில் என்ன நடக்க வேண்டும்? கபடி, கைப்பந்து, சிலம்பம், கிட்டிப்புள், கோகோ. எது தெரியுமோ அது. ஸ்போக்கன் இங்கிலீஷும் அபாகஸும் வேண்டவே வேண்டாம், லீவு பிள்ளைகளுடையது. ஒரு நாள் எல்லாரையும் திருவக்கரைக் கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன; 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையாளர் சோன்னரா வந்து பார்த்து எழுதிய இடம். அக்னி நட்சத்திரத்தில் ஒன்பது மணிக்கு மேல் வெளியில் ஆட்டம் கூடாது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு 2024-இல் அறிவித்திருக்கிறது, முகாமின் நேர அட்டவணை அதற்கு ஏற்ப இருக்கட்டும்.

இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. திடலைக் கிரிக்கெட் பையன்கள் பிடித்துக்கொண்டால் பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்களுக்கென்று தினமும் ஒரு நேரம், அந்த நேரத்தில் பெண் பயிற்றுநர் என்று வகுத்தால்தான் வீட்டில் அனுப்புவார்கள். அடுத்தது இடம். திடல் ஊர்ப் பக்கம் இருந்து, காலனிப் பிள்ளைகள் நுழையவே யோசிப்பார்கள் என்றால் அந்த முகாம் நடந்தும் நடக்காத கணக்குத்தான். எல்லாரும் சேர்ந்து படிக்கும் அரசுப் பள்ளியின் திடலே அதற்குச் சரியான இடம் என்பது நம் கருத்து.

பள்ளித் திடல் என்றால் அருகிலேயே சத்துணவுக் கூடமும் இருக்கும். பள்ளி நாளில் காலை உணவும் மதிய உணவும் அங்கேயே சாப்பிடுகிற பிள்ளைக்கு, லீவு விட்டதும் இரண்டு வேளையும் நின்றுபோகிறது. வறட்சிப் பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே சொன்னது. மதிய உணவில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு, வறட்சி அறிவிப்புக்குக் காத்திராமல் முகாமுக்கு வரும் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரு வேளை போட வேண்டும்.

இனி நீச்சல். எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். உலகில் 5 முதல் 14 வயதுள்ளவர்களின் மரணத்துக்கான காரணங்களில் நீரில் மூழ்குவது மூன்றாவது இடத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. இந்தியாவில் 2022-இல் மட்டும் 38,000-க்கும் அதிகமானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள். வானூர்ப் பக்கத்தில் ஆபத்து கல்குவாரிக் குழியில் இருக்கிறது. ஏரி என்றால் கரையிலிருந்து சிறிது சிறிதாக ஆழம் கூடும். கால் பாவும் இடம் தெரியும். குவாரிக் குழியில் பாறை செங்குத்தாக இறங்குகிறது. முதல் அடியிலேயே ஆள் மூழ்கும் ஆழம், பிடித்து ஏற ஒரு வேரோ படியோ கிடையாது. ஏரியெல்லாம் வற்றிய மே மாதத்திலும் அங்கே மட்டும் தண்ணீர் நீலமாக நிற்கும். போகாதே என்று சொன்னால் பிள்ளைகள் கேட்பார்களா?

வங்கதேசத்தில் கிராமத்துக் குளங்களிலேயே மூங்கில் தட்டி கட்டி, இடுப்பளவு ஆழத்தில் ஒரு தடுப்பை உண்டாக்கி, அதற்குள் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். நீச்சல் குளம் கட்டவில்லை, கோடிகள் செலவழிக்கவில்லை. நம் பகுதியில் மூங்கிலுக்குப் பதில் சவுக்குக் கழி. தோப்பு தோப்பாக நிற்கிறது. தண்ணீர் நிற்கும் கோயில் குளமோ ஊர்க் குளமோ ஒன்று, சவுக்குத் தடுப்பு, கரையில் ஓர் ஆசான், கயிறு கட்டிய டியூப். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீரில் மிதக்கவும், சிறிது தூரம் நீந்திக் கரையேறவும், மூழ்குகிறவனைப் பிடிக்கக் குதிக்காமல் துணியையோ கழியையோ நீட்டவும் கற்க வேண்டும். மூழ்கும் ஒருவனைக் காப்பாற்றக் குதித்து இரண்டு மூன்று பேராகச் சாகும் செய்தியை நாம் எத்தனை கோடையில் அச்சிடுவது?

பணம்? அதுவும் அந்தக் குழிகளிலிருந்தே வரட்டும். 2015-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டப்படி குத்தகைதாரர்கள் கட்டும் தொகையில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதி மக்களுக்கான நிதி அது. கல்வியும் பெண்கள், குழந்தைகள் நலனும் அதன் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கின்றன. கல் எடுத்த ஊர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் ஆசானும் திடலுக்கு ஆளும் போட அதைவிடப் பொருத்தமான பணம் எது? கைவிட்ட குழிகளைச் சுற்றி வேலி போடும் பொறுப்பு குத்தகைதாரர்களுடையது. அதை மாவட்ட ஆட்சியர் கோடைக்கு முன்பே நேரில் ஆள் அனுப்பிச் சரிபார்க்க வேண்டும்.

மே 1 கிராம சபை வரை காத்திருந்தால் அதற்குள் லீவு தொடங்கிவிடும். மார்ச் 22 கிராம சபையிலேயே தீர்மானம் போட வேண்டும். கேட்டை யார் திறப்பார், எத்தனை மணிக்குத் திறப்பார், அவருக்கு என்ன சம்பளம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகும் பெற்றோர்கள் இவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.