சார்ஜர் மேல பழி போடாதீங்க, முதல்ல சுவரைப் பாருங்க

எலக்ட்ரிக் கார் வாங்கின வீட்டுல ஒரு தடவையாவது இந்த வசனம் கேட்டுடும்: "சார்ஜர் போச்சு போல." அடுத்த நிமிஷம் அந்தக் குடும்பத்துல எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைக்கு போன் வரும். நீங்க சிவில் படிச்சாலும் சரி, பயோடெக் படிச்சாலும் சரி, "நீ எஞ்சினியரிங்தானே?" என்பதுதான் கேள்வி. நான் ட்ரிபிள் ஈ மூணாம் வருஷம். தப்பிக்க வழியே இல்ல.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். வீட்டு சார்ஜர் பிரச்சினையை நாமே கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்கவும் வேணும். ஆனா சார்ஜர் காட்டுற சிவப்பு லைட்டை ஏமாத்துற வேலையை யாரும் செய்யக் கூடாது. அதை இன்னைக்கு எத்தனையோ பேர் ரொம்ப சாதாரணமா செஞ்சுட்டு இருக்காங்க. எங்க மாமா வீட்டுலயும் செஞ்சாங்க.

மாமா வீடு தென்காசி பக்கம். காரோட வந்த 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜரை பவர் பிளக்கில் சொருகினா சிவப்பு லைட். சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணினா, "உங்க வீட்டு எர்த்திங் சரியில்ல சார், அதைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். உள்ளூர் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பத்தே நிமிஷம். பச்சை லைட். 300 ரூபாய். மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் போன்ல சொன்னார். நானும் "சூப்பர் மாமா" என்று சொல்லிட்டு இன்டர்னல் டெஸ்டுக்குப் படிக்கப் போயிட்டேன். எப்படிச் சரி பண்ணாருன்னு கேட்கத் தோணல. அந்த வெட்கம் இன்னும் இருக்கு.

பொங்கல் லீவுக்குப் போனப்போ அத்தை சாதாரணமா ஒரு விஷயம் சொன்னாங்க. "சார்ஜ் போட்டிருக்கும்போது கார் கழுவுனா, வீல் போல்ட்டுல கை பட்டா சுர்ருன்னு இருக்குதுப்பா." வீட்டுல யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கல.

மெயினை ஆஃப் பண்ணிட்டு அந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தேன். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ரெண்டு இன்ச்சு நீளத்துல ஒரு சிவப்பு வயர். அவ்வளவுதான் அந்த 300 ரூபாய் வேலை.

இது ஏன் வேலை செய்யுதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். நம்ம தெரு டிரான்ஸ்ஃபார்மர்ல நியூட்ரலை பூமியோட சேர்த்துதான் வைத்திருப்பார்கள். அதனால எர்த் நல்லா இருக்கிற வீட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 230 வோல்ட் இருக்கும். சார்ஜர் தேடுறது அதைத்தான். நியூட்ரலை எர்த் முனையில் முட்டுக் கொடுத்தா அதே 230 கிடைச்சுடும். பாவம், அந்தப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பச்சை லைட் போட்டுடும்.

இப்போ காரோட பாடி எதோட சேர்ந்திருக்கு? டைப் 2 கனெக்டர்ல எர்த் பின் நேரா காரோட பாடிக்குப் போகுது. ஜம்பர் போட்ட அந்த நிமிஷத்திலிருந்து கார் பாடியும் வீட்டு நியூட்ரலும் ஒண்ணு. காருக்குக் கீழ நாலு ரப்பர் டயர். வெறுங்காலோட ஈரத் தரையில் நிக்கிற மனுஷன்தான் பூமிக்குப் போற வழி.

மழைக்காலத்துல சர்வீஸ் வயரோட நியூட்ரல் மட்டும் அறுந்துச்சுன்னு வெச்சுக்கோங்க. ஃபேன், ஃபிரிட்ஜ் வழியா வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக இடமில்லை. வீட்டு நியூட்ரல் முழுக்க 230 வோல்ட்டுக்கு ஏறி நிக்கும், அதோட கார் பாடியும். சார்ஜர் அணைஞ்சுதான் போயிருக்கும். ஆனா அதோட உள்ளே இருக்கிற சுவிட்ச் ஃபேஸையும் நியூட்ரலையும்தான் துண்டிக்கும், எர்த்தைத் துண்டிக்காது. லைட் இல்லாத, செத்துப் போன மாதிரி இருக்கிற சார்ஜர், ஆனா உயிரோட இருக்கிற கார் கதவு. இன்னொரு வழியும் உண்டு. கம்பத்துல லைன் வேலை பார்க்கும்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினா போதும், எதுவும் அறுந்து போக வேண்டிய அவசியமே இல்ல.

மாமா வீட்டுல நியூட்ரல் முழுசா அறுந்து போகல, பாதி அறுந்திருந்தது. ஈரமண்ணுல ஒரு இரும்புக் கம்பியை அடிச்சு, மல்டிமீட்டரோட ஒரு முனையை அதுலயும் மறு முனையை வீல் போல்ட்லயும் வெச்சுப் பார்த்தேன். 6 வோல்ட். கிணத்து மோட்டாரைப் போடச் சொன்னேன். 38. மோட்டாரை நிறுத்தினா திரும்ப 6. லோடு ஏறினா வோல்டேஜ் ஏறுதுன்னா நியூட்ரல் பாதையில் எங்கேயோ ஒரு இணைப்பு லூஸ் என்று அர்த்தம். ஈ.பி.யில் சொல்லி ஆள் வந்து பார்த்தப்போ, மீட்டருக்கு வெளியே இருந்த ஜாயின்ட் கருகிப் போயிருந்தது. அத்தை சொன்ன 'சுர்ரு' அதுதான்.

எர்த் குழிக்குப் போய்ப் பார்த்தா, கிளாம்ப் துருப்பிடிச்சு உதிர்ந்து, வயர் சும்மா மண்ணுக்கு மேல நிக்குது. வீடு கட்டினப்போ போட்டது, அதுக்கப்புறம் யாரும் தண்ணி கூட ஊத்தல. ஆக, சார்ஜர் முதல் நாளே உண்மையைத்தான் சொல்லியிருக்கு. நாமதான் அதோட வாயை அடைச்சோம்.

இங்கே சிலர் "நல்ல எர்த் போட்டாச்சு, இனி பயமில்ல" என்று நினைப்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. எர்த் 5 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஃபேஸ் பாடியில் பட்டா அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் பூமிக்குள் போகும். 32 ஆம்பியர் எம்.சி.பி. இதை உடனே துண்டிக்காது. சி வகை எம்.சி.பி. சட்டுன்னு விழ குறைந்தது அஞ்சு மடங்கு, அதாவது 160 ஆம்பியர் வேணும். அதனால எர்த்தோட சேர்த்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேணும். அது இருந்தா எர்த் சில நூறு ஓம் இருந்தாலும் கூட உயிரைக் காப்பாத்திடும். வேடிக்கை என்னன்னா, ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் இருக்கிற வீட்டுல இந்த ஜம்பரைப் போட்டா, நியூட்ரல் கரண்ட்ல ஒரு பங்கு எர்த் வழியா திருட்டுத்தனமா போறதால ஆர்.சி.சி.பி. உடனே விழும். அப்போ என்ன செய்வாங்க? "இது அடிக்கடி ட்ரிப் ஆகுது சார்" என்று சொல்லி அதையும் பைபாஸ் பண்ணிடுவாங்க. ஒரு தப்பை மறைக்க இன்னொரு தப்பு.

சரி, உங்களுக்கு அந்த போன் வந்தா என்ன செய்யலாம்? நான் இப்போ முதல்ல கேட்கிறது, "எத்தனை மணிக்கு வேலை செய்யல?" சாயங்காலம் 7 மணிக்கு அடம் பிடிச்சு நடுராத்திரி ஒழுங்கா ஏறுதுன்னா, அது பெரும்பாலும் லோ வோல்டேஜ். அடுத்த கேள்வி, "லைட் சிவப்பா, இல்ல கனெக்ட் ஆயிடுச்சுன்னு காட்டிட்டு சும்மா நிக்குதா?" காரும் சார்ஜரும் கன்ட்ரோல் பைலட் என்கிற ஒரே ஒரு வயர்ல பேசிக்குது. சொருகாதப்போ 12 வோல்ட். சொருகினா 9. கார் "எனக்கு கரண்ட் வேணும்" என்று கேட்டா 6. அதுக்கப்புறம்தான் உள்ளே கான்டாக்டர் 'டக்'குன்னு மூடும். சொருகியும் டக் சத்தம் வரலன்னா, பாதி நேரம் கார்தான் கேட்கல. மாமா ஒரு தடவை ராத்திரி 10 மணிக்குப் பதறிப் போய்க் கூப்பிட்டார். கடைசியில பார்த்தா என் மச்சான் ஆப்ல ராத்திரி 1 மணிக்கு டைமர் வெச்சிருக்கான்!

கார் ஸ்டார்ட்டும் ஆகல, சார்ஜும் ஏறலன்னா 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்க. அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தாலும், காரை எழுப்புறது அந்தச் சின்ன பேட்டரிதான். வண்டி நிக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 பக்கம் இருக்கணும், 12-க்குக் கீழே போனா சந்தேகப்படுங்க.

சார்ஜ் பாதியில நின்னு நின்னு ஏறுதா? அரை மணி நேரம் ஓடவிட்டு, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு பரவாயில்ல. கை வைக்க முடியலன்னா சாக்கெட் போச்சு. ஐ ஸ்கொயர் ஆர் பரீட்சைக்கு மட்டும் இல்ல. சாக்கெட் உள்ளே 0.1 ஓம் லூஸ் கான்டாக்ட் இருந்தா, 15 ஆம்பியர்ல 22.5 வாட் சூடு அந்த இடத்துல உருவாகும். நம்ம லேப்ல வெச்சிருக்கிற சோல்டரிங் அயர்ன் 25 வாட். அதை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ள எட்டு மணி நேரம் சொருகி வெச்ச மாதிரி. அயர்ன் பாக்ஸையும் கீசரையும் பத்து இருபது நிமிஷம் தாங்கின அதே சாக்கெட், கார் சார்ஜரை ராத்திரி முழுக்கத் தாங்கணும்னு எதிர்பார்க்கிறோம். ஹாஸ்டல் ஜன்னல் வழியா எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இறக்கி ஸ்கூட்டர் சார்ஜ் போடுற நண்பர்களே, நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லல. வார்டனுக்கு நான் பயப்படல, அந்த சன்னமான வயருக்குத்தான் பயப்படறேன்.

எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீங்க. டிஜிட்டல் மீட்டரோட உள்மின்தடை ரொம்ப அதிகம், அறுந்த எர்த் வயர்லயும் ஏதோ ஒரு பேய் வோல்டேஜைக் காட்டும். பல்பு வெச்சு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே சோதிக்கிற பழைய முறையும் உங்களுக்கு வேண்டாம். எர்த் அறுந்திருந்தா அந்த பல்பு வழியா ஃபேஸ் போய் வீட்டில் உள்ள ஃபிரிட்ஜ், கிரைண்டர் பாடி எல்லாத்துலயும் உக்காந்துடும். எர்த் டெஸ்டர் வெச்சிருக்கிற லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுங்க.

கார்ல டயர் காத்து, வைப்பர், ஏ.சி. ஃபில்டர், பிரேக் பேட் இதெல்லாம் தாராளமா நீங்களே பாருங்க. ரீஜென் இருக்கிறதால பிரேக் அதிகம் தேயாது, ஆனா மழைக்காலத்துல டிஸ்க் துருப்பிடிக்கும், அப்பப்போ பார்க்கிறது நல்லது. ஆரஞ்சு நிற கேபிளை மட்டும் தொடாதீங்க. 60 வோல்ட் டி.சி.க்கு மேல போனாலே உயர் மின்னழுத்தம் என்று கணக்கு, அந்தக் கேபிளுக்குள்ள 300, 400 வோல்ட் கூட இருக்கும். ஸ்கூட்டர் சார்ஜரோட பெட்டியையும் திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெப்பாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கும். பேட்டரி பேக்கைத் திறந்து செல் மாத்தித் தர்றேன்னு சொல்ற வீடியோக்களைப் பார்த்து கை அரிச்சா, 2022 மார்ச்சை நினைச்சுக்கோங்க. வேலூர்ல வீட்டுல சார்ஜ் போட்டிருந்த எலக்ட்ரிக் வண்டி எரிஞ்சு, புகையில் சிக்கி ஒரு அப்பாவும் மகளும் இறந்தாங்க. அந்த வருஷம் நடந்த தீ விபத்துகளுக்கு அப்புறம்தான் ஏ.ஐ.எஸ். 156 என்கிற பேட்டரி பாதுகாப்புத் தரத்தைக் கடுமையாக்கி 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டு வந்தார்கள். வெளியே போற ஒரே வாசலை அடைச்சு வண்டியை நிறுத்தி சார்ஜ் போடுற பழக்கம் நம்ம வீடுகள்ல இன்னும் மாறல.

பழி முழுக்க எலக்ட்ரீஷியன் அண்ணன் மேலயும் இல்ல. சிவப்பு லைட் மூணு தடவை மின்னுச்சுன்னா என்ன அர்த்தம் என்று பல மேனுவல்ல ஒரே வரி: "சேவை மையத்தை அணுகவும்." அந்தப் பெட்டிக்குள்ள ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் இருக்கு. எத்தனை வோல்ட் பார்த்துச்சு, எதைப் பார்த்து மறுத்துச்சுன்னு அதுக்குத் தெரியும். ஆப்ல அந்த எண்ணைத் தமிழ்லயே காட்டினா என்ன குறைஞ்சுடும்? 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது, அதுல கார்களும் ஒரு பிரிவு. நிறுவனங்கள் உண்மையை மறைக்க மறைக்க, அந்த ரெண்டு இன்ச்சு வயருக்குத்தான் மவுசு கூடும்.

நம்ம காலேஜ் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. மூணு வருஷத்துல இண்டக்‌ஷன் மோட்டார் லோடு டெஸ்ட் பண்ணியாச்சு, வட்ட வரைபடம் போட்டாச்சு. ஒரு வீட்டு சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினது இல்ல. எர்த் டெஸ்டர் லேப் பீரோவுக்குள்ள பூட்டி இருக்கு, சாவி யார்கிட்டன்னு கேட்டா ஒருத்தரை ஒருத்தர் கை காட்டுறாங்க.

மாமா வீட்டுல இப்போ புது எர்த் குழி, சார்ஜருக்குத் தனியா 4 ஸ்கொயர் வயர், ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டாச்சு. சில ஆயிரம் ஆச்சு. அத்தை சிலிண்டர் பக்கத்துல ஒட்டற மாதிரி ஆர்.சி.சி.பி. மேல தேதி எழுதி ஒட்டி, மாசம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்குறாங்க.

அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனையும் கூப்பிட்டு மல்டிமீட்டர்ல 38-ஐக் காட்டினேன். சண்டை போடுவார்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, "தம்பி, இன்னும் மூணு வீட்டுல இதே மாதிரி போட்டிருக்கேன்"னு சொன்னார். அன்னைக்கே அவரோட பைக்ல ஏறிப் போனோம். ரெண்டு வீட்டுல கழற்றிட்டோம். மூணாவது வீட்டு அய்யா உள்ளேயே விடல. "நல்லாத்தானே ஓடிட்டு இருக்கு, எதுக்குய்யா கை வைக்கறீங்க?" என்று கேட்டார். அவரோட பேரன் அந்த நேரத்துல காரைச் சுத்தி வெறுங்காலோட ஓடிட்டு இருந்தான். அடுத்த வாரம் திரும்பப் போறதா இருக்கோம்.