எட்டு எண்டு போட்ட அட்டை

போக்கிமொன் அட்டை வாங்கி விற்கிற ஆக்களோடு கதைத்தால் முதலில் வருகிற கேள்வி, "பத்தா, ஒன்பதா?" எந்த அட்டை, படம் யார் வரைந்தது எல்லாம் பிறகுதான். பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் அட்டையைப் பார்த்து ஒன்றிலிருந்து பத்துவரை புள்ளி போட்டு, தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகின்றன. படம் நடுவில் நிற்கிறதா, மூலைகள் கூராக உள்ளனவா, விளிம்பு தேய்ந்ததா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஒன்பது பத்தானால் விலை பல மடங்காகும். அந்த வித்தியாசத்தை வெறுங்கண்ணால் கண்டுபிடிக்க எங்களில் பலரால் முடியாது. (நாங்கள் பள்ளிக்கூடத்தில் றபர் பாண்ட் போட்டு வைத்திருந்த மல்யுத்த அட்டைகளுக்கு இரண்டு கிடைத்தாலே பெரிய விசயம்.)

எங்களுக்கு இந்தப் புள்ளியில் அவ்வளவு பக்தி இல்லை. காரணம் ஒரு பேஸ்போல் அட்டை.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனி சிகரெட் பெட்டிகளில் வைத்த அட்டைகளுக்குள் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரிது. அதில் ஒன்றை 1991இல் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கழக உரிமையாளரும் சேர்ந்து 451,000 டொலருக்கு ஏலத்தில் எடுத்தார்கள். பிஎஸ்ஏ முதன்முதலில் புள்ளி போட்டது அந்த அட்டைக்குத்தான். புள்ளி எட்டு. சிகரெட்டோடு வந்த எண்பது வருச அட்டைக்கு எட்டு! 2007இல் அது 2.8 மில்லியன் டொலருக்குப் போனது. 2013இல், அதை முன்பு வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ, விளிம்பை வெட்டினது தான்தான் எண்டு மோசடி வழக்கொன்றில் ஒத்துக்கொண்டார். வெட்டிய அட்டைக்குப் புள்ளியே போடுவதில்லை என்பது பிஎஸ்ஏயின் சொந்த விதி. கவனமாக வைத்திருந்ததால்தான் விளிம்பு அப்படி நேராக இருக்கிறது எண்டு பலர் நம்பியிருந்தார்கள்.

புள்ளி போடுகிறவர்கள் எல்லாம் கள்ளர் எண்டு நாங்கள் சொல்லவில்லை. போலி மலிந்த சந்தையில் அவர்கள் தேவைதான். ஆனால் அந்த எண் ஒருவருடைய அபிப்பிராயம், அவ்வளவே. காசு குடுக்கிறது நீங்கள் எண்டால் முதலில் நீங்களே பாருங்கோ. உறையில்லாத அட்டையை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் கீறல் தெரியும். போக்கிமொன் அட்டை எண்டால் திருப்பி நீல விளிம்பைப் பாருங்கோ, வெள்ளை தெரிந்தால் தேய்ந்தது. அளவு 63க்கு 88 மில்லிமீற்றர். மலிவான இன்னொரு அட்டையோடு சேர்த்து வைக்கேக்க கட்டையாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கலாம். விற்கிறவர் பின்பக்கப் படம் அனுப்பப் பஞ்சிப்பட்டால், அந்த அட்டையை விட்டிடுங்கோ.